உரத்த ஒலியா, உறைக்கும் ஒலியா?

ஓர் இசைத்தட்டைத் திறனாய்வு செய்பவர் பொதுவாகப் பாட்டின் நயத்தைப் பற்றியும் பாடியவரின் திறமையைப் பற்றியுமே பேசுவார். ஒலியின் அளவைப் பற்றி அவர் பேசுவதில்லை. அது கேட்பவர் தம் கையால் திருகிச் சரிசெய்துகொள்ளக்கூடிய ஒன்றுதானே என்பது பொதுவான எண்ணம். ஆனால் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் வெளிவந்த ஓர் இசைத்தட்டைப் பற்றி உலகெங்கும் எழுந்த விவாதம், பாட்டைப் பற்றியதன்று. ஒலியின் அளவைப் பற்றியதே. அமெரிக்காவின் 'மெட்டாலிக்கா' குழுவினர் வெளியிட்ட 'டெத் மேக்னடிக்' என்பதே அத்தட்டு. அதனை மீண்டும் ஒலிக்கலப்புச் செய்து தருமாறு 10,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையொப்பமிட்டு வேண்டினர்.

ஒலி போதவில்லை என்பதன்று அவர்கள் குறை. ஒலி அளவு மீறிவிட்டது என்பதே குறை. 'ஹெவி மெட்டல்' என்னும் வன்னோசை இசையை விரும்பிக் கேட்பவர்களே, "இரைச்சல் தாங்கவில்லை" என்று முறையிட்டார்கள் என்றால் அதில் ஏதோ அறிவியல் உண்மை இருக்கவேண்டும் அல்லவா?

அந்த உண்மை இன்று பலருக்கும் தேவைப்படுகிறது. ஒரு கணினி, ஒரு மைக்ரோஃபோன், ஒரு ஹெட்ஃபோன் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்து வெளியிட முடிகிறது. அப்படிப் பதிவு செய்யும் இளைஞர்கள் விரைவிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "பெரிய நிறுவனங்களின் பாட்டைப் போல என் பாட்டு ஏன் உரப்பாக இல்லை?" என்பது ஒன்று. "என் பாட்டில் தாள அடி ஏன் நெஞ்சில் வந்து விழவில்லை?" என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒரே கேள்வி என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், ஓர் எல்லைக்கு மேல் இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிப்பவை. இதனை 'டெத் மேக்னடிக்' தட்டைக் கொண்டும், அதற்குச் சுமார் 11 ஆண்டுகள் கழித்து ஒரு வீட்டின் படுக்கையறையில் உருவான வேறொரு தட்டைக் கொண்டும் ஆராய்வோம்.

எண்களால் ஆன கூரை

முதலில் குறுந்தட்டில் ஒலி எவ்வாறு பதிவாகிறது என்று பார்ப்போம். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலி அலையை எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. ஒரு நொடியில் 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767.

இந்த எண்ணே குறுந்தட்டின் கூரை. இதற்கு மேல் எழும் அலைக்குத் தட்டில் இடமில்லை. ஓர் அலையின் முகடு 40,000 அளவுக்கு எழுந்தாலும் சரி, 60,000 அளவுக்கு எழுந்தாலும் சரி, தட்டில் 32,767 என்றே எழுதப்படும். மலையுச்சி போன்று இருந்த முகடு, வாளால் சீவியது போல் தட்டையாகிவிடும். இதனை ஒலிப்பதிவாளர்கள் 'கிளிப்பிங்' என்பர். நாம் முகடு வெட்டு என்று அழைக்கலாம்.

முகடு வெட்டுண்ட அலையில், மூல ஒலியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. அவையே நம் காதில் கரகரப்பாகக் கேட்பவை. இதில் மற்றொரு தீமையும் உண்டு. வெட்டப்பட்ட இடத்தில் முன்பு என்ன உயரம் இருந்தது என்ற செய்தி தட்டில் எங்குமே இல்லை. எனவே கேட்பவர் தம் கருவியில் ஒலியைக் குறைத்தாலும் வெட்டுண்ட முகடு திரும்பி வராது. கரகரப்பும் சேர்ந்தே குறையுமன்றி மறையாது.

காது எதை உரப்பு என்கிறது?

கூரை உயராது என்றால், ஒரு தட்டு மற்றொரு தட்டைவிட உரப்பாக ஒலிப்பது எப்படி? இங்கேதான் நம் காதின் இயல்பு உதவிக்கு வருகிறது.

ஓர் ஒலி எவ்வளவு உரப்பானது என்பதைக் காது அதன் முகடுகளைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி நேரத்து ஒலியாற்றலைச் சேர்த்துப் பார்த்தே அது முடிவுக்கு வருகிறது. அதனால் அலையின் சராசரி உயரமே உரப்பை நிர்ணயிக்கிறது. கண நேரம் தோன்றி மறையும் முகடுகள், உரப்புக்கு மிகச் சிறிதளவே உதவுகின்றன.

ஆனால் டிரம்மில் குச்சி விழும்போது என்ன நிகழ்கிறது? முதல் சில மில்லி நொடிகளில் அலை திடீரென்று உயர்ந்து, உடனே தாழ்கிறது. 5 மில்லி நொடி என்று கொண்டால், குறுந்தட்டில் அது சுமார் 220 எண்கள்தாம். "அடி விழுந்தது" என்று நமக்கு அறிவிப்பவை இந்த 220 எண்களே. உரப்புக்கு உதவாத இம்முகடுதான் அடியின் உயிர்.

இப்போது உரப்பைக் கூட்டும் தந்திரம் வெளிப்படையாகிவிடுகிறது. உயர்ந்த முகடுகளை எல்லாம் அழுத்தித் தாழ்த்திவிட்டால் கூரைக்கடியில் வெற்றிடம் கிடைக்கும். பிறகு மொத்த ஒலியையும் அந்த இடம் நிரம்பும் வரை உயர்த்தலாம். சராசரி உயர்ந்துவிடும், உரப்பும் கூடிவிடும். இவ்வேலையைச் செய்யும் கருவிக்கு 'லிமிட்டர்' என்று பெயர். 1990களில் கணினி வழி லிமிட்டர்கள் பரவின. வரப்போகும் எண்களை முன்கூட்டியே பார்த்து, முகடு வருவதற்குள் ஒலியைத் தாழ்த்திவிடும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. இந்த வசதியே இசைத்தட்டு நிறுவனங்களுக்கிடையே ஓர் உரப்புப் போட்டியைத் தீவிரமாக்கியது.

தாழ்ந்த கூரையுள்ள ஒரு மண்டபத்தில் எல்லாரையும் உயரமாகக் காட்ட விரும்பி, ஒவ்வொருவரையும் முக்காலி மேல் ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். குட்டையானவர்கள் உயர்ந்துவிடுவார்கள். நெட்டையானவர்கள் தலை குனிய வேண்டியதுதான். முடிவில் எல்லாரும் ஒரே உயரம். யார் நெட்டை என்று கேட்டால் விடை கூற இயலாது.

இத்தந்திரத்துக்கு இன்னொரு துணையும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒலி தாழ்ந்திருக்கும்போது காது தாழ்சுரங்களைச் சரியாகக் கேட்பதில்லை என்று காட்டியது. ஒலியை உயர்த்தினால் தாழ்சுரங்கள் முன்னைவிட நன்றாகக் கேட்கின்றன. ஆகவே ஒரே பாட்டைச் சிறிது உரப்பாக ஒலிக்கவிட்டால், அது கனமாகவும் நிறைவாகவும் இருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கும் ஒருவர் உரப்பானதையே "நல்ல பதிவு" என்பார். பதிவின் தரம் அங்கே சோதிக்கப்படவில்லை. காதின் பலவீனமே சோதிக்கப்பட்டது.

'டெத் மேக்னடிக்': நல்ல இசைக்கு நேர்ந்த கதி

இனித் தட்டுக்கு வருவோம். 'டெத் மேக்னடிக்' மெட்டாலிக்காவின் ஒன்பதாவது முழுநீளத் தட்டு. தயாரித்தவர் ரிக் ரூபின். இசையமைப்பைப் பொறுத்தவரை குறை கூறுவதற்கு அதிகம் இல்லை. நீண்ட பாட்டுகள், திடீரென மாறும் தாளங்கள், இழையோடும் கிட்டார் வேலைப்பாடு என்று 1980களில் இக்குழு பெயர் பெற்ற பாணிக்கு இத்தட்டு மீண்டிருக்கிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இதிலுள்ள ஒரு பாட்டுக்கு 2009இல் கிராமி பரிசும் கிடைத்தது. எனவே இது தோற்றுப்போன தட்டு அன்று. அதனால்தான் இதன் குறையை ஆராய்வது பயன் தருகிறது.

முதல் பாட்டு இதயத் துடிப்பின் ஒலியோடு தொடங்குகிறது. பின்னர் மென்மையான கிட்டார் இழை. அடுத்து முழுக் குழுவும் புகுகிறது. இந்த வரிசையை அமைத்தவரின் நோக்கம் தெளிவு. அமைதியிலிருந்து இடி பிறக்கவேண்டும். 'தி டே தட் நெவர் கம்ஸ்' என்ற பாட்டும் இத்தகையதே. ஏறத்தாழ 8 நிமிடம் நீளும் இப்பாட்டு, தெளிந்த கிட்டார் ஒலியில் தணிவாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்து, இறுதியில் புயலாக மாறவேண்டியது.

ஆனால் குறுந்தட்டில் அந்தப் புயல் எழ இடமில்லை. முழுக் குழுவும் புகும் கணத்தில் ஒலி தடிக்கிறது, உயரவில்லை. டிரம் அடி, அடியாக விழாமல் நொறுங்குகிறது. ஒலியின் உச்சிக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை அளந்து ஓர் எண்ணாகத் தரும் அளவுமானி ஒன்று இசை ரசிகர்களிடையே வழக்கில் உள்ளது. அதன்படி இக்குறுந்தட்டுக்குக் கிடைத்த எண் 3. ஓசை நிறைந்த இசைக்குக் கூட இது மிகக் குறைவு. ஓவியத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் ஒரே ஒரு சாம்பல் நிறம் மட்டும் எஞ்சியிருப்பதற்கு ஒப்பானது.

இதே குழு 1991இல் தன் பெயரிலேயே வெளியிட்ட தட்டில், 'என்டர் சாண்ட்மேன்' பாட்டின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். தனிக் கிட்டார், பிறகு டிரம்மின் கனத்த ஒலிகள், பிறகு முழுக் குழு என்று ஒலி படியேறுகிறது. ஒவ்வொரு படியும் உண்மையிலேயே முந்தைய படியைவிட உயரம். டிரம் ஒலி மார்பில் மோதுகிறது. இரண்டு தட்டுகளையும் ஒரே உரப்புக்குச் சமப்படுத்திக் கேட்டால், வலிமையானது எது என்பதில் ஐயம் இராது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "ஹெவி மெட்டல் இசையின் அழகே கரகரப்பில்தானே இருக்கிறது? மின் கிட்டாரின் ஒலியே பெருக்கியில் முகடு வெட்டுண்டு பிறப்பதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மின் கிட்டாரின் கரகரப்பு உண்மையில் முகடு வெட்டினால் பிறப்பதே. ஆனால் அது கலைஞர் தாமே தேர்ந்து தம் கருவிக்குக் கொடுத்த நிறம். அதன் பக்கத்தில் டிரம் ஒலி கூர்மையாகவும் குரல் தெளிவாகவும் இருக்கும்போதுதான் அந்த நிறம் தனித்துத் தெரியும். மொத்தக் கலவையையும் வெட்டினால் டிரம், குரல், கிட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே கரகரப்பு வந்துவிடுகிறது. மிளகாய்த் தூளைக் குழம்பிலும் போட்டு, சோற்றிலும் போட்டு, மோரிலும் போட்டால் குழம்பின் காரம் தெரியுமா? 'டெத் மேக்னடிக்' தட்டில் பெரிதும் இழந்தது கிட்டாரே என்பது என் கருத்து.

விளையாட்டில் கிடைத்த சான்று

"இசையே அப்படித்தான் வாசிக்கப்பட்டது, பதிவின் மேல் பழி போடுவது தவறு" என்று வாதிடவும் வழியில்லாமல் போயிற்று. தட்டு வெளிவந்த நாளிலேயே அதன் பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற கணினி விளையாட்டுக்கும் தரப்பட்டன. ஆடுபவர் கிட்டார் பகுதியைத் தவறாக வாசித்தால் அந்த ஒலி மட்டும் நின்றுபோக வேண்டும் என்பது அவ்விளையாட்டின் விதி. ஆகவே கருவிகளின் ஒலிகளைத் தனித்தனியாகக் கொடுக்கவேண்டியதாயிற்று. மொத்தக் கலவையின் மீது இறுதியில் செலுத்தப்படும் அழுத்தம் இவ்வொலிகளின் மேல் விழவில்லை.

விளைவு என்ன? ஒரே குழு, ஒரே வாசிப்பு, ஆனால் இரண்டு பதிப்புகள். அறிவியல் சோதனை ஒன்றில் எல்லாவற்றையும் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது போன்ற அரிய வாய்ப்பு, தற்செயலாக ரசிகர்களின் கைக்கு வந்தது. விளையாட்டுப் பதிப்பில் டிரம் அடிகள் எழுந்து நின்றன. அலைவடிவத்தை வரைந்து பார்த்தபோது ஒன்றில் முகடுகள் காடு போல் உயர்ந்தும் தாழ்ந்தும் இருந்தன; மற்றொன்று செங்கல் போல் காட்சியளித்தது. ரசிகர்களின் முறையீடு வெறும் ரசனை வேறுபாடு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யார் இதற்குப் பொறுப்பு? தட்டுக்கு இறுதி மெருகேற்றும் 'மாஸ்டரிங்' பணியைச் செய்தவர் டெட் ஜென்சன் என்ற புகழ்பெற்ற பொறியாளர். தம்மிடம் வரும்போதே கலவை முற்றிலும் அழுத்தப்பட்டிருந்தது என்று அவர் தெரிவித்தார். குழுவின் டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கோ, தட்டின் ஒலி தமக்குப் பிடித்திருப்பதாகவே கூறினார். ஒரு பெரிய தட்டு பலர் கைகளைக் கடந்து வருகிறது. ஒவ்வொருவரும் சிறிது உரப்பைக் கூட்டினால் போதும். முடிவில் யாரும் தனியே விரும்பியிராத ஒரு செங்கல் பிறந்துவிடும்.

இது ஒரு குழுவுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. கனடாவின் 'ரஷ்' குழுவினர் 2002இல் வெளியிட்ட 'வேப்பர் டிரெயில்ஸ்' தட்டும் இதே குறைக்கு ஆளாயிற்று. 2013இல் அதனை முழுவதும் மறுகலப்புச் செய்து வெளியிட்டனர். மூலப் பதிவுகள் பத்திரமாக இருந்ததால் அது இயன்றது.

படுக்கையறையில் பிறந்த அடி

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். 2019 மார்ச் 29ஆம் நாள் 'வென் வி ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டு வி கோ?' என்ற தட்டு வெளிவந்தது. பாடிய பில்லி ஐலிஷுக்கு அப்போது வயது 17. இசையமைத்துப் பதிவு செய்தவர் அவருடைய அண்ணன் ஃபின்னியஸ். பெரும்பகுதி பதிவானது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர்கள் பெற்றோர் வீட்டில் ஃபின்னியஸின் சிறிய படுக்கையறையில். பில்லி கட்டிலில் உட்கார்ந்தவாறே பாடினார். 2020 ஜனவரியில் இத்தட்டு ஆண்டின் சிறந்த தட்டுக்குரிய கிராமி பரிசைப் பெற்றது. அத்துடன், சிறந்த ஒலிப்பொறியியலுக்கான பரிசும் இதற்கே கிடைத்தது என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானது.

இதன் புகழ்பெற்ற பாட்டான 'பேட் கை', கேட்பவரின் நெஞ்சைத் தட்டுகிறது. ஆனால் அதில் எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தாழ்சுரம், ஒரு டிரம் அடி, விரல் சொடுக்கு, காதருகில் கிசுகிசுப்பது போன்ற குரல். ஆஸ்திரேலியாவில் சாலை கடக்கும் இடத்து அறிவிப்பு ஒலியைப் பதிவு செய்து, அதையும் தாளத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். குரலின் பகுதி முடியுமிடத்தில் பின்னணி ஒலிகள் விலக, பாடகி அலட்சியமாக ஒரே ஒரு சொல்லை உதிர்க்கிறார். அதன்பின் இசை மீண்டும் புகும்போது அது பெரும் வெள்ளமாகத் தோன்றுகிறது. அந்த வெள்ளத்தின் வலிமை, அதற்கு முந்தைய வெற்றிடத்தில் இருக்கிறது.

இதை மெல்லொலித் தட்டு என்று கூற இயலாது. இறுதி மெருகில் இதுவும் உரப்பாகவே முடிக்கப்பட்டது. கரகரப்பும் இதில் இல்லாமல் இல்லை. 'ஸானி' என்ற பாட்டில், தணிந்த குரல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தாழ்சுரம் உருக்குலைந்து வந்து குரலையே நடுங்கச் செய்கிறது. புகையும் போதையும் நிறைந்த கூட்டத்தின் நடுவில் அகப்பட்டவரின் எரிச்சலை உணர்த்த அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அது போனபின் தெளிவு திரும்புகிறது. 'டெத் மேக்னடிக்' தட்டில் கரகரப்பு ஒரு விபத்து. இதில் கரகரப்பு ஒரு சொல். முன்னதில் அது ஓய்வதேயில்லை. பின்னதில் அது வந்து, வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. வேறுபாடு பணத்தில் இல்லை, கருவியில் இல்லை, அறையில் இல்லை. எதை நிறுத்துவது என்று அறிந்த அறிவில் இருக்கிறது.

அடியை உருவாக்குவது எப்படி?

இதிலிருந்து வீட்டில் பதிவு செய்பவர் கற்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது, அடியும் தாழ்சுரமும் ஒரே இடத்துக்குப் போட்டியிடக் கூடாது. ஓர் இசைக்கலவையில் ஆற்றலின் பெரும்பங்கைத் தாழ்சுரங்களே எடுத்துக்கொள்கின்றன. காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்மும் தாழ்சுரக் கிட்டாரும் ஒரே கணத்தில் ஒரே அதிர்வெண்ணில் முட்டினால், கூரைக்கடியில் உள்ள இடம் அவற்றுக்கே போதாது. ஒன்று ஒலிக்கும்போது மற்றதைச் சிறிது தாழ்த்துவது, தேவையற்ற அடித்தள உறுமலை வடிகட்டி நீக்குவது ஆகியவை லிமிட்டரைத் தொடாமலே உரப்பையும் தெளிவையும் தரும்.

இரண்டாவது, 'கம்ப்ரெஸ்ஸர்' என்னும் அமுக்கியைப் பயன்படுத்தும் முறை. ஒலி ஓர் அளவைத் தாண்டியதும் அதைத் தாழ்த்துவது இதன் வேலை. எவ்வளவு விரைவில் தாழ்த்தவேண்டும் என்பதை நாமே குறிக்கலாம். ஒரு மில்லி நொடிக்குள் தாழ்த்தச் சொன்னால் அடியின் முகடே நசுங்கிவிடும். 20 அல்லது 30 மில்லி நொடி கழித்துத் தாழ்த்தச் சொன்னால் முகடு தப்பிவிடும். அதன் பின்னால் வரும் வால் மட்டும் தாழும். அப்போது அடி முன்னைவிடக் கூர்மையாகக் கேட்கும். ஒரே கருவி, ஒரே பொத்தான். ஓர் எண்ணால் அடி சாகிறது, மற்றோர் எண்ணால் அடி பிழைக்கிறது.

மூன்றாவது, லிமிட்டர் போடாத மூலக் கலவை ஒன்றை எப்போதும் தனியே சேமித்து வைக்கவேண்டும். 'வேப்பர் டிரெயில்ஸ்' பிழைத்தது மூலப் பதிவால்தான்.

முடிந்துபோன போட்டி

"எல்லாம் சரி. என் பாட்டு மற்றவர் பாட்டுக்கு அடுத்து ஒலிக்கும்போது மெலிந்து கேட்குமே?" என்ற அச்சம் எஞ்சியிருக்கும். இந்த அச்சமே உரப்புப் போட்டியின் வேர். ஆனால் அந்த வேர் இன்று பெரிதும் அறுபட்டுவிட்டது.

2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், காதின் இயல்பைத் தழுவி உரப்பை அளக்கும் முறை ஒன்றை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் அதனை அடிப்படையாகக் கொண்டு தன் விதிகளை அமைத்தது. இம்முறையின் அலகு எல்.யு.எஃப்.எஸ். எனப்படும். இணையம் வழி இசை வழங்கும் நிறுவனங்களும் இதனைப் பின்பற்றி, எல்லாப் பாட்டுகளையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குச் சமப்படுத்தி ஒலிக்கவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் இயல்பான அமைப்பில் இந்த அளவு −14.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் தம் பாட்டை −6 வரை உயர்த்தி அனுப்புகிறார். அங்கே அது 8 டெசிபெல் தாழ்த்தப்படும். மற்றொருவர் −14இல் அனுப்புகிறார். அது தாழ்த்தப்படாது. கேட்பவருக்கு இரண்டும் ஒரே உரப்பு. ஆனால் இரண்டாமவரின் பாட்டில், சராசரிக்கு மேல் 13 டெசிபெல் அளவுக்கு முகடுகள் எழ இடம் இருந்தது. முதலாமவர் பாட்டில் அந்த இடம் சுமார் 5 டெசிபெல்தான். உரப்பைப் பெறுவதற்காக முகடுகளை விலையாகக் கொடுத்தவர், இறுதியில் உரப்பையும் பெறவில்லை, முகடுகளையும் இழந்தார்.

நீங்களே செய்து பாருங்கள்

இவற்றை எல்லாம் ஏட்டில் படித்து ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 'ஆடசிட்டி' என்ற இலவச மென்பொருள் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்.

ஒரு தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே ஏதேனும் ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பதிவு செய்யுங்கள். அதன் நகல் ஒன்றை எடுத்து, நகலில் மட்டும் லிமிட்டரைக் கொண்டு உச்சிக்குக் கீழ் 12 டெசிபெல் வரை முகடுகளைத் தாழ்த்துங்கள். பிறகு இரண்டையும் அவற்றின் உச்சி கூரையைத் தொடும் அளவுக்கு உயர்த்திக் கேளுங்கள். நகல் உரப்பாகவும் கம்பீரமாகவும் இருக்கும். மூலம் சோனியாகத் தோன்றும்.

அடுத்து, மென்பொருளிலுள்ள உரப்புச் சமன்பாட்டு வசதியைக் கொண்டு இரண்டையும் −23 என்ற ஒரே உரப்புக்குக் கொண்டு வாருங்கள். எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள். இப்போது கரண்டி அடி எதில் துள்ளி எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களுக்கு முன் நீங்கள் வழங்கிய தீர்ப்பை நீங்களே மாற்றுவீர்கள்.

இச்சோதனையின் பாடம் ஒலிப்பதிவைவிடப் பெரியது. சமமல்லாத நிலையில் செய்யும் ஒப்பீடு ஒப்பீடே அன்று என்பது அறிவியலின் அரிச்சுவடி. இசைத்தட்டு உலகம் பல ஆண்டுகள் இந்த அரிச்சுவடியை மறந்தது. அதன் விலையைச் சில நல்ல தட்டுகள் கொடுத்தன. 2008இல் விற்பனையான 'டெத் மேக்னடிக்' குறுந்தட்டுகளில் வெட்டுண்ட முகடுகளை இனி யாராலும் ஒட்டவைக்க முடியாது.

பெரிய நிறுவனத்தில் உரப்பைத் தீர்மானிப்பவர்கள் பலர். வீட்டில் பதிவு செய்யும் மாணவனுக்கோ மாணவிக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. தீர்ப்பு அவர்கள் ஒருவர் கையிலேயே இருக்கிறது. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் கேட்பவரின் உரிமை. அதைக் கேட்பவரிடமே விட்டுவிடலாம். அமைதிக்கும் அடிக்கும் இடையிலுள்ள தொலைவை அமைப்பது மட்டும் பதிவு செய்பவரின் கடமை. அதை வேறு எவராலும் பின்னர் செய்து தர இயலாது.